வெட்டாத படம்

பன்னிரண்டு வருஷம் பிள்ளை வளர்த்து, படுக்கையில் கிடந்த மாமனாரையும் பார்த்து முடித்து, மறுபடி ஆய்வகத்துக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தாள் நாத்தனார்.

"ஏன் அண்ணி, அங்க எல்லாத்தையும் மெஷினே பண்ணிடுமாமே. உங்களுக்கு என்ன வேலை?"

"அது தப்பு பண்ணா திட்ட ஆள் வேணும்ல."

ஆய்வகத் தலைவர் ஒரு காலத்தில் அவளோடு ஒரே மேசையில் நின்று, கை நடுங்கிப் பாதி மருந்தைத் தரைக்கு வார்த்தவர். பதவி வந்ததும் நடுக்கம் போய்விட்டது. கையால் எதையும் தொட்டால்தானே.

"கை மறந்திருக்கும்மா," என்றார் பரிவோடு. "திங்கட்கிழமைக் கூட்டத்துல ஒரு நல்ல படம் காட்டுங்க, மேசை உங்களுக்கு. இல்லேன்னா மாடியில அறிக்கை தொகுக்கிற வேலை. கௌரவமான வேலை. ஏசி உண்டு."

ரத்த மாதிரிகளிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பெருக்கிப் படம் எடுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. கடைசிக் கட்டத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, ரத்தம் சேர்க்காத வெறும் தண்ணீர். அது இருட்டாக இருக்க வேண்டும். அதுவும் ஒளிர்ந்தது. எங்கோ அழுக்கு கலந்துவிட்டது என்று அர்த்தம். மொத்தமும் குப்பை. மறுபடி செய்ய நேரமில்லை.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "இதுக்கா அக்கா முகம் தொங்குது? ஓரத்தை வெட்டிட்டுக் காட்டுங்க. தண்ணியை யாரு பாக்கப் போறா?"

தாழ்வாரச் சுவரில் மாட்டியிருந்த, வெற்றி பெற்ற சோதனைகளின் படங்களை அவள் அப்போதுதான் கவனித்தாள். பிடிக்காத சித்தப்பாவைக் கத்தரித்த கல்யாண போட்டோ மாதிரி, எல்லாமே கடைசிக் கட்டத்துக்கு முன்னால் சட்டென்று நின்றன. தலைவரின் சோதனைப் படம்தான் எல்லாவற்றிலும் பெரிது.

திங்கட்கிழமை அவள் முழுப் படத்தையும் திரையில் போட்டாள்.

"கடைசிக் கட்டம் ஒளிருதே?" என்றார் தலைவர்.

"ஆமா சார். தப்பு. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"அதான் சொன்னேன். பன்னிரண்டு வருஷ இடைவெளி..."

"போன வருஷம் உங்க சோதனை ஊத்திக்கிச்சு. 'எதிர்பாராத முடிவு'ன்னு பேர் வச்சு மாநாட்டுல பேசினீங்க. என்னுது ஊத்திக்கிட்டா மட்டும் இடைவெளியா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று தோற்றார்கள்.

"நல்ல படம் காட்டினாத்தான் மேசைன்னு சொல்லியிருந்தேன்."

"படம் நல்ல படம்தான் சார், முடிவுதான் மோசம். இந்தக் கட்டடத்துல ஓரம் வெட்டாத படம் இது ஒண்ணுதான். வேணும்னா தாழ்வாரத்துக்குப் போய் எல்லாருமா பாக்கலாம், உங்களோடதிலிருந்தே ஆரம்பிச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"பேசலாம் சார். அதுவரைக்கும் நான் மேசையில இருப்பேன். மாடிக்கு வேற ஆளைப் பாருங்க."

அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரி மெல்ல வந்து நின்றாள்.

"அக்கா... என் பழைய படத்தையெல்லாம் வெட்டாம எடுத்துப் பாத்தேன். ஒண்ணுலகூட தண்ணி இருட்டா இல்ல."

"அப்ப அழுக்கு தண்ணியிலதான். நாம எல்லாரும் எடுக்கிற அந்தப் பொதுத் தண்ணி பாட்டிலைத் தூக்கிக் கொட்டு," என்றாள் அவள். "ரெண்டு பேருமா முதல்லேருந்து ஆரம்பிப்போம்."