ஜன்னலோரக் கட்டில்

"ரெண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

வீட்டுக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக நாத்தனார் கேட்ட கேள்வி அது. செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. கண் மட்டும் முன்னறை ஜன்னலோரம் கிடந்த நாடாக் கட்டிலிலேயே நின்றது.

"மனஸ்தாபமெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. ராத்திரியில வேர்த்துக் கொட்டுது. இங்க படுத்தா தூக்கம் வருது, அவ்வளவுதான்," என்றாள் அவள்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாளே தவிர, நாற்பத்தொன்பது வயதில், மாதவிலக்கு நிற்கிற காலத்தில், உடம்பு அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. படுக்கையறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. காரணம், வீட்டுக்காரர் ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பகல் முழுக்க அடுத்தவர் ஃபேன்களை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கழுத்துவரை போர்த்திக்கொள்வார். ஊருக்கெல்லாம் காற்று கொடுக்கிற மனிதருக்குப் பக்கத்தில் அவள் தெப்பமாக நனைந்து கிடந்தாள்.

சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. தூக்கக் கலக்கத்தில் மூன்று காலர்களைத் தீய்த்துவிட்டாள். இன்னொன்று தீய்ந்தால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனாள். காற்று வருகிற இடத்தில் படு, மெல்லிய பருத்தித் துணி உடுத்து, சாயங்காலத்துக்கு மேல் காப்பி குடிக்காதே என்றார் அவர். வேர்வை நின்றுவிடவில்லை. ஆனால் எழுந்து துடைத்துவிட்டுப் படுத்தால் மறுபடி கண் சொருகியது. இரண்டு வாரமாக ஒரு காலரும் தீயவில்லை.

இதெல்லாம் நாத்தனார் காதில் ஏறுமா?

"நாளைக்கு உன் பொண்ணைப் பேசி முடிக்க ஆளுங்க வர்றாங்க. புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம்னு கெடந்தா என்ன நெனப்பாங்க?"

"அவரு முதுகுவலின்னு ஆறு மாசம் இதே எடத்துல படுத்தாரே. அப்ப யாரும் ஒண்ணும் நெனைக்கலயா?"

"அது நோவு. இது பொம்பளைங்க சமாச்சாரம், வெளியில சொல்லலாமா? நான் நாலு வருஷம் கண்ணை மூடல. யார்கிட்டயாவது மூச்சு விட்டேனா?"

பதக்கம் வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள் நாத்தனார்.

கட்டிலை மடக்க முடியாது. ஒளித்து வைக்கவும் இடமில்லை. மறுநாள் காலையில் அதன்மேல் பூப்போட்ட விரிப்பைப் போட்டு, இரண்டு திண்டுகளை வைத்தாள் நாத்தனார். "யார் கேட்டாலும் இது திவான்."

"அக்கா மூளையே மூளை!" என்றார் வீட்டுக்காரர். பழைய சாமான்காரனிடமும் அவர் சொல்லியாகிவிட்டது. விருந்தாளிகள் போனதும் கட்டிலும் போய்விடும்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாளைத் திவானில் உட்கார வைத்தார்கள். அவளுக்கும் ஐம்பது வயதுதான் இருக்கும். பேச்சு பாதியில் இருக்கும்போதே அவள் முகம் குப்பென்று சிவந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. முந்தானையால் துடைக்கத் துடைக்க ஊறியது.

பார்த்ததுமே இவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய் ஜன்னலை விரியத் திறந்தாள். ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். "திவானை நல்ல எடமாப் பாத்துப் போட்டிருக்கீங்க."

"திவான் இல்லீங்க, என் கட்டில். ராத்திரி வேர்க்குது. அதான் இங்க படுக்கறேன்."

நாத்தனார் கண்ணாலேயே எரித்தாள். அந்த அம்மாளோ குனிந்து, ரகசியம் கேட்பதுபோல், "தூக்கம் வருதா?" என்றாள்.

"வருதுங்க."

"நெஜமாவா?"

விரிப்புக்கு அடியில் கையை விட்டு, கட்டிலின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தாள். நாலு சாணும் கொஞ்சமும். "எங்க வீட்டு ஜன்னலோரத்துலயும் இது அடங்கும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்ல தனித்தனியாவா படுக்கறீங்க?"

"இல்லீங்க! கட்டில் இன்னிக்கே போயிடுது," என்றார் வீட்டுக்காரர் பதறிப்போய்.

"அப்பச் சரி. அம்மா செய்யறதத்தான பொண்ணும் செய்யும்? நம்ம வீட்டுல இந்தப் பழக்கமெல்லாம் இல்ல."

விரிப்புக்கு அடியிலிருந்து அந்த அம்மாளின் கை மெதுவாக வெளியே வந்தது.

எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். இவள் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தாள். அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிராத மகள், நடந்துவந்து கட்டிலின் மறுமுனையில் அழுத்தி உட்கார்ந்தாள்.

"கட்டில் எங்கயும் போகாதுங்க," என்றாள் இவள்.

"அப்ப நாங்க கெளம்பறோம்," என்று எழுந்தார் அவர். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் மட்டும் ஒரு நிமிடம் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி நின்றாள். "இப்பல்லாம் ராத்திரி எங்க படுக்கறீங்க?" என்று இவள் மெல்லக் கேட்டாள்.

வாசலிலிருந்து அவள் கணவர் கனைத்தார். அந்த அம்மாள் திரும்பி நடந்தாள். ரவிக்கையின் முதுகு கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது.