மிதவை கட்டிய சாலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த தருமன்மேல் மோதிய காரை ஓட்டியவன் நான். அவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது. அதற்காக நான் கும்பிடாத சாமி இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘மணல் லாரி ஒன்று தறிகெட்டு வந்து...’

(லாரியே வரவில்லை. எழுதும்போதுகூடப் பழியை எவனோ ஒரு டிரைவர் தலையில் கட்டப் பார்க்கிறேன், பாருங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: ‘காலை வெயில் கண்ணில் அடித்ததால் அவன்...’

(அன்றைக்கு மேகமூட்டம்.)

3

தருமனின் மனைவி கோமளா, கோட்டைக்குப்பத்துக்காரி. அதே சாலை வேலையில் சிவப்புக் கொடி பிடிப்பவள். வண்டிகளை ஒதுக்க மேஸ்திரி கொடுத்தது இரண்டே பிளாஸ்டிக் கோன். போதாது என்று, வீட்டிலிருந்த பழைய வலைக்கயிற்றை மிதவைகளோடு கொண்டுவந்து பள்ளத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள்:

“ஏரில மெதப்ப பாத்தா எவனும் ஒதுங்கித்தான் போவான் சார். அடியில வல இருக்குதுன்னு தெரியும். ரோட்லயும் அப்டித்தான்னு நென்ச்சிட்டேன். நீங்க இன்னா பண்ணுவீங்க? ரோட்டோரம் வல காயுதுன்னு நென்ச்சிருப்பீங்க. எம் புருசன் கால ஒடச்சது நான்தான்.”

“அப்படி இல்லம்மா,” என்றேன். “நான் அப்போ...”

(இந்த வாக்கியத்தை அங்கேயும் முடிக்கவில்லை.)

மூன்று நாளாக அவள் தருமன் படுக்கைப் பக்கம் போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லையாம். உள்ளேயிருந்து அவன் “கோமளா, வாடி இங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

4

கதாசிரியரின் குறிப்பு: நான் மிதவையைப் பார்க்கவே இல்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு கோன் வைத்திருந்தாலும் ஏற்றியிருப்பேன். போலீஸிடம் “சரியாகத் தெரியவில்லை” என்றேன், எழுதிக்கொண்டார்கள்.

5

முடிவு அ: அவளிடம் சொல்கிறேன். காறித் துப்புகிறாள். பிறகு எழுந்து தருமனிடம் போகிறாள்.

முடிவு ஆ: சொல்லாமல் ஊர் திரும்புகிறேன். உருக்கமாக ஒரு கதை எழுதுகிறேன்.

இரண்டிலும் நான் நல்லவனாகத் தெரியும்படி வார்த்தை தேடினேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே முடிவை எழுதப்போவதில்லை. நீங்கள் கோட்டைக்குப்பம் பக்கம் போனால் கோமளாவைப் பார்த்து, அவள் புருஷன் காலை உடைத்தது யார் என்று கேளுங்கள். “நான்தான்” என்று அவள் சொன்னால், நான் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். நீங்களாவது சொல்லிவிடுங்கள்.