மாத்திரை போட்ட டிரைவர்

இன்றைக்கு ஓட்டியே தீருவது என்று ஷ்யாமளா கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வண்டி கிளம்பியபோதே முடிவு செய்துவிட்டாள். வண்டி என்றால் ஏதோ கார் இல்லை. அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம், படுக்கை எல்லாம் உள்ளேயே வைத்த ஆர்.வி. ஒரு குட்டி வீட்டுக்குச் சக்கரம் மாட்டிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவளுக்கு லைசென்ஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. சும்மா வந்த லைசென்ஸா அது? முதல் டெஸ்டில், ஸ்டாப் சைனில் முழுசாக நிற்கவில்லை என்று ஃபெயில். இரண்டாவதில், லேன் மாறும்போது தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று ஃபெயில். மூன்றாவதில் பாஸ். அன்றைக்கு வீட்டில் முந்திரி போட்டுக் கேசரி கிண்டினாள். அந்தக் கேசரியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அவள் வீட்டுக்காரன் சேனாபதி, கார் சாவியை மட்டும் ஒரு தடவைகூட அவளிடம் கொடுக்கவில்லை.

கெட்டவன் இல்லை அவன். பாத்திரம் தேய்ப்பான், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவான், கேட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான். ஆனால் ஸ்டீயரிங் என்று வந்துவிட்டால் அவனுக்கு ஆயிரம் சாக்கு கிடைக்கும். ஃப்ரீவேயில் டிராஃபிக் ஜாஸ்தி, மழை வருகிற மாதிரி இருக்கு, இன்ஷூரன்ஸ் ஏறிடும். ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க அவள் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள், சேலத்தில் ஸ்கூட்டி ஓட்டிக் கல்லூரிக்குப் போனவள். நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டே அவனிடம் வாக்கு வாங்கிவிட்டாள். "யோசெமிட்டி பார்க்குக்குள்ள ரோடு காலியா இருக்கும். அங்க நீ ஓட்டு, யாரு வேண்டாம்னா?" என்றான். ஆர்.வி. வாடகைக்கு எடுத்த இடத்தில் இன்னொரு டிரைவரும் உண்டா என்று கேட்டபோது, அவன் வாயைத் திறப்பதற்குள் ஷ்யாமளா லைசென்ஸை எடுத்து நீட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

பார்க்குக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பாறை நெட்டுக்குத்தாக வானத்துக்குப் போயிற்று. அருவி பாதி வழியிலேயே காற்றில் புகையாகப் பறந்தது. ஆறு வயசு மதன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு மானைக் கண்டாலும் கத்தினான், அணிலைக் கண்டாலும் கத்தினான். பதினொரு வயசு வெண்பா பைனாகுலரை வைத்துக்கொண்டு, "அம்மா! க்ளைம்பர்ஸ்! தே லுக் லைக் ஆன்ட்ஸ்!" என்று குதித்தாள். ஷ்யாமளாவும் வாங்கிப் பார்த்தாள். ஆமாம், செங்குத்துப் பாறையில் எறும்பு மாதிரி இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அடப்பாவிகளா, நீங்களே அங்கே ஏறும்போது நான் ஒரு ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

"என்னங்க, இப்ப நான் ஓட்டட்டுமா?"

"இங்க டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தி. கொஞ்சம் பொறு."

கொஞ்சம் பொறுத்தாள்.

"இப்ப?"

"பசிக்குது. சாப்ட்டுட்டுப் பாக்கலாமே."

புல்வெளி ஓரத்து மேஜையில் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் காலியாயிற்று. கரடி வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்று போர்டில் எழுதியிருந்ததால், சிந்திய பருக்கையைக்கூட வெண்பா விரட்டி விரட்டிப் பொறுக்கவைத்தாள். அப்புறம் மேப்பை விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தாள். கிளேசியர் பாயிண்ட். அங்கே நின்று சூரியன் இறங்கும்போது பார்த்தால், எதிரில் இருக்கிற ஹாஃப் டோம் பாறை முழுக்கச் சிவந்துவிடுமாம். கிளாஸில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம், இவள் மட்டும்தான் பாக்கியாம். நாளைக்குக் காலையில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை.

"மலை ரோடா?" என்றான் சேனாபதி. குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. சேலத்துக்காரன் அவன். சின்ன வயசில் ஏற்காடு பஸ்ஸில் ஏறி வாந்தி எடுக்காமல் இறங்கியதே இல்லை. அதனால் கொண்டை ஊசி வளைவு என்று காதில் விழுந்தாலே அவன் வீட்டில் எல்லாரும் வரிசையாக வாந்தி மாத்திரை போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய்விட்டு வரும்போதும் ரசப்பொடியோடு ஒரு அட்டை மாத்திரையும் பெட்டியில் வரும். இப்போதும் அட்டையைப் பிரித்தான். மதனுக்குப் பாதி. தனக்கு ஒன்று, ஷ்யாமளாவுக்கு ஒன்று. வெண்பா, "ஐ டோன்ட் கெட் கார்சிக்" என்று தள்ளிவிட்டாள்.

ஷ்யாமளா கையை நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம். நான் ஓட்டணும்."

"பிரிச்சாச்சு, வேஸ்ட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அதையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான் அந்த மகராசன். ஸ்டீயரிங்கிலும் அவனே போய் உட்கார்ந்தான். பஸ்ஸில் மாத்திரை போட்டுத் தூங்கிய காலத்தில் வேறு ஒருத்தர் அல்லவா ஓட்டினார்! அந்த ஒரு விஷயம் அவனுக்கும் உறைக்கவில்லை, ஆத்திரத்தில் இருந்த அவளுக்கும் உறைக்கவில்லை.

சுரங்கப்பாதை தாண்டியதும் ஒரு கொட்டாவி விட்டான். அடுத்து இன்னொன்று. கிளேசியர் பாயிண்ட் ரோடு பிரிகிற முனையில் வண்டி கோட்டை விட்டு லேசாக விலகியது. "என்னங்க!" என்று ஷ்யாமளா போட்ட சத்தத்தில் திடுக்கிட்டு, அங்கே இருந்த பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"கண்ணு சொருகுது ஷ்யாமு. அஞ்சே நிமிஷம்" என்றவன் தள்ளாடிப் போய்ப் பின்னால் இருந்த மேஜை சீட்டில் மதன் பக்கத்தில் சாய்ந்தான். மதன் ஏற்கெனவே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அஞ்சு நிமிஷம் அரை மணியாயிற்று. உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "ம்ம்" என்றான், அவ்வளவுதான். வெயில் மஞ்சளாகிவிட்டது. வெண்பா வாட்சையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "வீ ஆர் கோயிங் டு மிஸ் இட்."

காலியான சமவெளி ரோட்டுக்குத்தான் ஷ்யாமளா ஆசைப்பட்டிருந்தாள். இப்போது முன்னால் இருப்பதோ மலை, ஓட்ட வேண்டியதோ வீடு சைஸில் ஒரு வண்டி. இங்கேயே உட்கார்ந்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டால் ஜென்மத்துக்கும் பக்கத்து சீட்டுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

புருஷனுக்கும் மகனுக்கும் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "வெண்பா, முன்னாடி வா. மேப்ப எடுத்துக்கோ."

"சீரியஸ்லி?"

"பின்ன? வெளையாடறனா?"

சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பிவைத்தாள், பிள்ளையாரப்பா என்றாள். முதல் பிரேக்கிலேயே அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் தடதடவென்று உருண்டன. இரண்டாவது பிரேக்கில் கொஞ்சம்தான் உருண்டன. மூன்று மைல் போவதற்குள் வண்டியின் அகலம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பின்னால் கார்கள் வரிசை கட்டியதும், ரோடு அகலமான இடத்தில் ஓரம் கட்டி வழிவிட்டாள். தாண்டிப் போன ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு கை வெளியே வந்து ஆடியது. வெண்பாவும் எல்லாருக்கும் கை ஆட்டினாள்.

பைன் மரங்களுக்கு நடுவே ரோடு ஏறி ஏறிப் போயிற்று. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று அடித்தது. ஷ்யாமளாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள். "ஓஹோஓஓ!" வெண்பாவும் சேர்ந்து கத்தினாள். சேனாபதியின் குறட்டை ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது.

கடைசி இறக்கத்தில்தான் உயிர் போயிற்று. குறுகின கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் அதலபாதாளம். நடு வளைவில் எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது.

"அம்மா..." என்றாள் வெண்பா.

"பள்ளத்தைப் பாக்காதே. உன் பக்கம் எவ்ளோ எடம் இருக்குன்னு மட்டும் சொல்லு."

"டூ ஃபீட். ஒன் ஃபீட். ஸ்டாப்!"

நிறுத்தினாள். பஸ் ஊர்ந்து, கண்ணாடியைத் தொடாமல் தாண்டியது. அதன் டிரைவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

கிளேசியர் பாயிண்டில் ஒரே முயற்சியில் வண்டியைப் பார்க்கிங் கோட்டுக்குள் விட்டாள். மதன் தானாகவே எழுந்துவிட்டான். சேனாபதியை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து உலுக்கி இறக்கினார்கள். வெளியே வந்தவன் அப்படியே நின்றான். எதிரில், பாதியாக அறுத்துவைத்த மாதிரி நின்ற ஹாஃப் டோம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது.

"நான் எப்ப இங்க ஓட்டிட்டு வந்தேன்?"

"யூ டிட்ன்ட்" என்றாள் வெண்பா.

அவன் வண்டியைப் பார்த்தான், மேலே தெரிந்த வளைவுகளைப் பார்த்தான். "புத்தி இருக்கா ஷ்யாமளா? புள்ளைங்கள வச்சிக்கிட்டு இந்த ரோட்டுல..."

"ரெண்டு மாத்திரைய முழுங்கிட்டு ஸ்டீயரிங்கப் புடிச்சது யாரு? நானா? நீங்க ஓட்டியிருந்தா இந்நேரம் நாலு பேரும் அந்தப் பள்ளத்துல கெடந்திருப்போம்!"

பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வந்து அவன் தோளைத் தட்டினார். கடைசி இறக்கம் முழுக்கப் பின்னால்தான் வந்தாராம், இவ்வளவு அழகாக ஆர்.வி. ஓட்டி அவர் பார்த்ததில்லையாம். சேனாபதி சிரித்து வாங்கிக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஷ்யாமளா அவன் வாயையே பார்த்தாள்.

"நாட் மீ" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னான். "மை வைஃப். ஷீ ட்ரோவ் ஆல் தி வே."

பெரியவர் தொப்பியைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாறை மேல் சிவப்பு இன்னும் இருந்தது. ஷ்யாமளாவுக்குத்தான் கண்ணீர் மறைத்து ஒன்றும் தெரியவில்லை.

வெளிச்சம் போனதும் திரும்பி நடந்தார்கள். பழக்க தோஷம், சேனாபதி நேராக டிரைவர் கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தான். ஒரு நிமிஷம் நின்றான். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்குப் போனான். அங்கே வெண்பா மடியில் மேப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"தட்ஸ் மை சீட், அப்பா."

பின்னால் ஏறி மதன் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான். ஷ்யாமளா இன்ஜினைக் கிளப்பினாள்.

"ஷ்யாமளா, அந்த மொத வளைவுல..." என்று ஆரம்பித்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. போலாம்."