மாமாவுக்கு வரும் நம்பர்

"அப்பா, நம்பர்!"

"எதுக்கு?"

"வக்கீல் வீட்டு மாடிப்படிக்கு!"

"மரமா, இரும்பா?"

"இரும்பு! நம்பரைச் சொல்லுங்கப்பா, டைம் முடிஞ்சிரும்!"

"இருடா, கண்ணாடியப் போட்டுக்கறேன்."

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேலையை ஆரம்பிக்கிறார் என்றால் தெருமுனை வரைக்கும் இப்படித்தான் கேட்கும். நாங்கள் மாடிப்படி செய்து கொடுக்கிறவர்கள். முன்பக்கம் ஒரே அறை, அதில் வரைபடம் போடுகிறோம். பின்பக்கம் பட்டறை, அங்கே வெல்டர் அண்ணன் அதை இரும்பாக்குகிறார். அறையில் மூன்று கணினிகள். ஒன்று என் வீட்டுக்காரருக்கு, ஒன்று அவருடைய அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. வாடிக்கையாளர்களிடம் பேசுவது, மெயில் போடுவது, கணினி படுத்துக்கொண்டால் எழுப்பி உட்காரவைப்பது எல்லாம் என் தலையில் கட்டப்பட்டவை. என் ஓரகத்தி பள்ளிக்கூட டீச்சர். புத்திசாலி, இந்தத் தொழில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

நான்காவது மேசை மாமாவுடையது. மாமா என்றால் என் மாமனார், இந்தத் தொழிலைத் தொடங்கியவர். அவர் மேசையில் கணினி கிடையாது. பென்சிலும் ஸ்கேலும் ஓய்ந்ததுமே மகன்கள் இருவரும் "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்று அன்பாகச் சொல்லி, வேலையை எடுத்துக்கொண்டு நாற்காலியை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த நாற்காலியில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் ஓடிபி சொல்வது.

அது எப்படி வந்தது என்றால், எங்கள் வரைபடம் எல்லாம் கிளவுடில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஆரம்பித்தபோது மாமாவின் பெயரையும் மாமாவின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டோம். கணக்கு ஒன்று, உள்ளே போகிறவர்கள் மூன்று பேர். ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று கணினியில் உட்கார்ந்திருந்தால் எந்த மென்பொருளுக்கும் சந்தேகம் வரும். அதுவும் சும்மா இராமல் அடிக்கடி எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மாமாவின் போனுக்கு ஆறு இலக்க நம்பரை அனுப்பிவிடும். திறக்க வேண்டுமென்றால் மாமாவிடம்தான் போக வேண்டும்.

மாமா சும்மா கொடுக்க மாட்டார். எதுக்கு, யாருக்கு, மரமா, இரும்பா, எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் நாங்கள் சொன்னதையே உரக்கத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வார். அதற்குள் நம்பர் காலாவதியாகும். மறுபடி முதலிலிருந்து. எனக்கு நாடி நரம்பெல்லாம் முறுக்கிக்கொள்ளும். அவருக்கோ முகம் மலர்ந்து கிடக்கும்.

அப்படியிருக்கையில்தான் எங்களுக்கு அந்த நூலகக் கட்டடத்தின் வேலை கிடைத்தது. நடுக்கூடத்தில் கீழிருந்து மேல்தளம் வரை ஒரு சுற்றுப்படி. இதுவரை நாங்கள் செய்ததிலேயே பெரிது. கட்டுகிறவர்கள் பெரிய இடம். அவர்கள் மெயிலில் கறாராக எழுதியிருந்தார்கள்: ஆளுக்கொரு லாகின் இருக்க வேண்டும், பொது லாகினில் வரும் வரைபடத்தை வாங்க மாட்டோம், மாதம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் பல நாளாக ஏங்கிய விஷயத்தை வேறொருவர் கட்டளையாகவே போட்டுவிட்டார். சிங்கிள் சைன்-ஆன் என்பார்கள். காலையில் கணினியில் விரலை வைத்தால் ஆள் இன்னாரென்று அதற்குத் தெரிந்துவிடும். பிறகு மெயில், வரைபடம், கிளவுட் என்று எல்லாக் கதவும் தானாகத் திறந்துகொள்ளும். யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

உட்கார்ந்து எல்லோருக்கும் லாகின் செய்தேன். அடுத்து, பழைய கணக்கை யாராவது ஒருவருடைய லாகினோடு இணைக்க வேண்டும். ஒரு கணக்குக்கு ஓர் ஆள்தான். மாமா பெயரில் இருப்பதால் மாமாவோடேயே இணைத்துவிட்டு, மற்ற மூவருக்கும் புதுக் கணக்கு என்று முடிவு செய்தேன். பழைய வரைபடங்களை எல்லோரும் பார்க்கலாம். புதிதாகப் போடுவது அவரவர் கணக்கில் அவரவர் இடத்தில் இருக்கும். எவ்வளவு சுத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இணைக்கிறோம் என்பதை உறுதி செய்ய, மாமாவின் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை அவர் சொல்ல வேண்டும்.

அன்றுவரை கேட்காமலே நம்பர் சொல்லத் துடித்த மனிதர், அதற்குப் பிறகு பிடிகொடுக்கவே இல்லை. போனில் சார்ஜ் இல்லை என்றார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றார், நெற்றிக்கு மேல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு. ஒருநாள் நான் எழுந்து அவர் பக்கம் போவதைப் பார்த்ததும் நாற்காலியிலேயே கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். விழித்திருக்கும் மனிதரின் குறட்டை எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

மாதக் கடைசியில் நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இன்னிக்கு இணைக்கலேன்னா நூலகத்து வேலை கையவிட்டுப் போயிடும்."

போனை எடுத்துப் பார்த்தார். நம்பர் வந்திருந்தது. ஒவ்வொன்றாக, சாமான் எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னார். நான் தட்டினேன். திரையில் 'இணைக்கப்பட்டது' என்று வந்தது.

"இதுக்கப்புறம்?" என்றார்.

"இனிமே நம்பரே வராது மாமா. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"இதுவரைக்கும் நான் நிம்மதியாத்தான்மா இருந்தேன்."

எனக்கு அது உறைக்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாளிலிருந்து அலுவலகம் அவ்வளவு அமைதியாகிவிட்டது. ஆளுக்கொரு விரல், ஆளுக்கொரு கதவு. அண்ணனும் தம்பியும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு திரையில் மூழ்கிவிட்டார்கள். நான் ஒரே காலையில் மூன்று நாள் மெயிலை முடித்தேன். மாமா போனை மேசைமேல் மல்லாக்க வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறை அதிர்ந்தபோது பாய்ந்து எடுத்தார். ஏதோ விளம்பரம். பிறகு மத்தியானத்தோடு வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும்தான்.

அத்தைதான் போன் செய்தார்.

"ஏம்மா, அங்க என்ன நடக்குது? இந்த மனுஷன் பகல்லயே வீட்டுக்கு வந்துடறாரு."

"வேலை குறைஞ்சிருக்கு அத்தை. ரெஸ்ட் எடுக்கட்டுமே."

"அவர் எடுத்தா பரவாயில்ல, என்னை எடுக்க விடமாட்டேங்கறாரே! நேத்து சமையல்கட்டு அலமாரியை எல்லாம் மாத்தி அடுக்கிட்டாரு. உப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. கேட்டா, 'எதுக்கு?'ங்கறாரு. உப்பு எதுக்கும்மா கேப்பாங்க?"

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது.

அது என்னவென்று சொல்ல வெல்டர் அண்ணன் வர வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் கையுறையைக் கழற்றாமலே முன்னறைக்கு வந்து நின்றார். அப்படி வந்தால் விஷயம் பெரிது.

"கொஞ்சம் எல்லாரும் பட்டறைக்கு வாங்க."

போனோம். நூலகத்துப் படிகள் தரையில் விசிறி போல அடுக்கியிருந்தன. ஒவ்வொரு படியின் முன்விளிம்பும் அழகாக மடித்துத் தேய்த்திருந்தது. பக்கத்தில் வளைத்து முடித்த கைப்பிடி, பளபளவென்று. நடுக்கம்பத்தில் நாலைந்து படிகளை மாட்டிக் கைப்பிடியை அருகே நிறுத்திவைத்திருந்தார்.

"படி வலது பக்கமா சுத்தி ஏறுது," என்றார். "கைப்பிடி இடது பக்கமா சுத்திப் போவுது. படிக்க வர்ற ஆளு எந்தப் பக்கம் போவணும்னு சொல்லிட்டா நல்லது."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

நடந்தது இதுதான். நூலகக்காரர்கள் முதலில் வலப்பக்கம் ஏறும் படி கேட்டார்கள். பிறகு தூண் ஒன்று இடிக்கிறது என்று இடப்பக்கமாக மாற்றச் சொல்லி மூத்தவரிடம் பேசியிருக்கிறார்கள். அவர் தன் கணக்கில் இடப்பக்கப் படி வரைந்தார். என் வீட்டுக்காரர், இது தன் வேலை என்று நினைத்துத் தன் கணக்கில் பழையபடி வலப்பக்கம் வரைந்தார். அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து, ஒரே படியை இரண்டு பேரும் இரண்டு திசையில் சுற்றியிருக்கிறார்கள். தம்பி அனுப்பிய படி வரைபடம் பட்டறைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது, அண்ணன் அனுப்பிய கைப்பிடி வரைபடம் பிறகு.

"நீ போடறேன்னு சொல்லவே இல்லையேடா!"

"நீ கேக்கவே இல்லையே!"

"படியைத் திருப்பிப் போட்டுட முடியாதா?" என்று நான் நடுவில் கேட்டேன்.

"விளிம்பை மடிச்சாச்சே தங்கச்சி. திருப்பினா மடிப்பு பின்னாடி போயிடும். புதுசாத்தான் வெட்டணும்."

அண்ணனும் தம்பியும் 'சொல்லல', 'கேக்கல' என்று மாற்றி மாற்றி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் எந்தக் காலத்தில் ஒருவரிடம் ஒருவர் சொன்னார்கள்? எந்தக் காலத்தில் கேட்டார்கள்? கேட்டதெல்லாம் மாமா. 'எதுக்கு?' என்று அவர் கேட்க, 'நூலகத்துச் சுற்றுப்படி' என்று என் வீட்டுக்காரர் கத்த, 'வலப்பக்கமா?' என்று மாமா அதைவிடக் கத்த, 'டேய், அது இடப்பக்கம்டா, நான்தான் போட்டுக்கிட்டிருக்கேன்' என்று மூத்தவர் அந்த மேசையிலிருந்து கத்தியிருப்பார். எனக்குக் காது வலித்திருக்கும், படி சரியாக ஏறியிருக்கும்.

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் செய்து, இனிமேல் எல்லா வரைபடமும் அதில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மண்டையை ஆட்டினார்கள். ஆனால் ஃபோல்டர் என்ன செய்யும்? திறந்து பார்த்தால் காட்டும். எதுக்கு என்று அது கேட்காது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த மனிதர் விளம்பரத்துக்குப் பாய்ந்து போனை எடுத்ததே கண்முன் நின்றது. எனக்கு என்மேல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலையில் மாமா வந்தார். வந்தார் என்பதைவிட அனுப்பப்பட்டார் என்பது சரி. சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி அத்தை டிபன் பாக்ஸையும் குடையையும் கையில் கொடுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, குடையைச் சாய்த்துவைத்து, போனை மேசைமேல் மல்லாக்க வைத்தார். படி விவகாரத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகன்கள் இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், நேற்றுக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் ஏற்கெனவே விரலை வைத்து உள்ளே போய்விட்டிருந்தேன். என் திரையில் எல்லாம் திறந்து கிடந்தது.

"மாமா," என்று கத்தினேன். "நம்பர் சொல்லுங்க!"

அண்ணனும் தம்பியும் காதிலிருந்து பாட்டைக் கழற்றினார்கள். என் வீட்டுக்காரர், "நம்பர்தான் இப்போ..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். ஏமாறுகிற ஆள் இல்லை. கடைசி நம்பரைத் தன் வாயாலேயே சொன்னவர். பிறகு நெற்றிக்கு மேலிருந்த கண்ணாடியை இறக்கி, போனைக் கையில் எடுத்தார். திரை இருட்டாக இருந்தது. என் இடத்திலிருந்தே தெரிந்தது.

"போட்டுக்கோ. நாலு."

"நாலு."

"ஏழு... ஒண்ணு... ஒண்ணு..." நிறுத்தி யோசித்தார். "எட்டு. மூணு. ஒம்பது."

"ஆறுதான் மாமா."

"அப்போ ஒம்பதை விட்டுடு."

"திறந்துடுச்சு மாமா."

"எதுக்கு?"

"நூலகத்துச் சுத்துப்படிக்கு. புதுசா வெட்டணும். இடப்பக்கம் ஏறுது."

"இடப்பக்கமா?" அவர் போட்ட சத்தத்தில் பட்டறையில் சுத்தியல் நின்றது. "டேய், இடப்பக்கமாம்டா!"

"கேட்டுச்சுங்கய்யா!" என்று வெல்டர் அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்.

அப்புறம் மூத்தவர், திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பா, எனக்கும் ஒரு நம்பர்."

மாமா இருட்டுத் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அவசரப்படாதடா," என்றார். "இன்னும் வரல."