பச்சை பூத்த எரு

வானகரத்தில் கோதண்டத்தின் கத்தரித் தோட்டம் வாடிக்கொண்டிருந்தது. காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். வரப்புக்கு அந்தப் பக்கம் செங்கல்வராயனின் செடிகள் தளதளவென்று நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வருஷம்வரை இவரிடம் கூலிக்கு வந்தவன், இப்போது குத்தகைக்காரன்! யுத்தத்துக்காக ஆவடியில் இறங்கியிருந்த பட்டாளத்துக்குக் காய் எடுக்கும் கண்டிராக்டர், இந்த முறை ஒரே தோட்டத்தில்தான் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். அது அவன் தோட்டமாகிவிட்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் மனைவி வடிவு வந்தாள்.

"வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடி வச்ச எருவு பூரா பச்சையா பூசணம் பூத்துகீது. இன்னா பண்றது?"

"நானே ஏரியில கொட்டிட்டு வரேன், உடு."

ஏரிக்கு யார் போனார்கள்? செங்கல்வராயன் பூந்தமல்லிச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவன் செடி ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பூசண எருவைப் போட்டு மண்ணைத் தள்ளினார் கோதண்டம். ஓரத்தில் சில செடிகள் ஏற்கெனவே வாடத் தொடங்கியிருந்தன. மிச்சமும் ஒழியட்டும் என்று மனசு குளிர்ந்தது.

ஒழியவில்லை. வாடல் அந்த ஓரத்தோடு நின்றுபோனது. இவர் தோட்டம் வெறும் குச்சியானபோது கண்டிராக்டரின் வண்டி அங்கே காய் ஏற்றிக்கொண்டிருந்தது.

சங்கதி கேள்விப்பட்டு விவசாய இலாகா அதிகாரி ஒருவர் வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"இந்தப் பச்சைப் பூசணம் நல்லது. வேரைக் கொல்ற பூசணத்தை இது தின்னுடும். யார் போட்ட எரு?"

"எங்க கோதண்டம் அண்ணாத்தே சார்," என்றான் செங்கல்வராயன். "நான் இல்லாதப்போ வந்து போட்டுகீறாரு. களை எடுக்க வந்த அங்கம்மா பாத்துட்டு சொல்லிச்சு. இவரு வாயே தொறக்கல."

அதிகாரி வரப்புக்கு இந்தப் பக்கம் நின்ற குச்சிகளைப் பார்த்தார். "உங்க செடிக்கு ஏன் போடலே?"

கோதண்டம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்ததெல்லாம் எனக்குப் போட்டுட்டாரு சார். தனக்குன்னு வச்சிக்கவே இல்ல," என்று செங்கல்வராயன் கண் கலங்க அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

உதறவும் முடியவில்லை. காயும் அவனுக்கு, கண்டிராக்டரும் அவனுக்கு. அடுத்தவனை இப்படி நல்லவன் என்று நம்பிவிடுகிற மனசும் இவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று கோதண்டத்துக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.