அணைத்துவைத்த போன்

ஊரில் என்னை ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜோமார்ட் என்ற பெயர் அம்மாவுக்கும் போலீஸ்காரனுக்கும் மட்டும். என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட என்னிடம்தான் அன்று காலை அசன் சித்தப்பா போனில் அந்தச் செய்தியைச் சொன்னார். என் கூட்டாளி தாலாயின் அப்பா ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார்.

"வழியில வாயத் தொறந்துடாதடா. மலைமேல கை நடுங்குச்சுன்னா பள்ளத்துலதான் கெடப்பான். இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டு வந்து சேரு. ஊர் எல்லையில நாங்க நிக்கிறோம், நாங்க சொல்லிக்கிறோம்."

எங்கள் பக்கத்தில் சாவை வெட்டவெளியில் வைத்து ஒருவன் தலையில் போட மாட்டோம். வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், தோளைப் பிடித்துக்கொள்ள நாலு பெரியவர்கள் இருக்க வேண்டும். அதுவரை கூட இருப்பவன் வாயை மூடிக்கொண்டு வரவேண்டியதுதான். நானா? கடவுளே என்றிருந்தது எனக்கு.

மேய்ச்சல்வெளியில் நான் நின்ற மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். கீழே கூடாரத்துப் பக்கத்தில் தாலாய் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு இருந்தான். கோடை முழுக்க, சைக்கிளில் மலை சுற்ற வரும் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி, அவர்கள் மூட்டையையும் சேர்த்து மிதிக்கிற பிழைப்பு எங்களுடையது. செப்டம்பரில் அவர்கள் போனதும் எங்களுக்கென்று ஒரு சுற்று போவோம். அன்றிரவு ஏரிக்கரையில் தங்கி மீன் பிடிப்பது, மறுநாள் கணவாய் ஏறி ஊர் இறங்குவது என்று திட்டம். நான் போய், பனி வரப்போகிறது, இன்றைக்கே கணவாயைத் தாண்டிவிடலாம் என்றேன். அவன் வானத்தைப் பார்த்தான். ஒரு துண்டு மேகம் கிடையாது. ஓட்டைவாய் எப்போது வானிலை ஆபீசில் சேர்ந்தான் என்று கேட்டுவிட்டு, போனால் போகட்டும் என்று மூட்டையைக் கட்டினான்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் அப்பா கூப்பிட்டிருந்தார். தாலாயின் போன் ஆகஸ்டிலேயே ஆற்றோடு போனதால் என் போனில்தான் கூப்பிடுவார். மேட்டில் நான் இருந்தேன். கீழே தாலாய் கையெல்லாம் கிரீஸோடு அறுந்த சங்கிலியை மாட்டிக்கொண்டு இருந்தான். என் சைக்கிள் சங்கிலி. வேலையாக இருக்கிறான், நாளை மறுநாள் கணவாயிலிருந்து பேசுவான் என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஏறி வந்திருப்பான். சங்கிலி எங்கே ஓடிப்போகிறது? அதற்கு அப்புறம் நான் என்னைத் திட்டாத நாள் இல்லை.

ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிக்கும்போது தாலாய் பேச ஆரம்பித்தான். மூன்று வருஷமாக அவன் அப்பா ஒன்றையேதான் கேட்டுக்கொண்டு இருந்தார்: குளிர்காலத்தில் பிஷ்கெக் பட்டணத்துக்குப் போய் அந்தச் சைக்கிள் கடையில் கிடக்காதே, என்னோடு இரு, மந்தையைப் பார்த்துக்கொள். இவனும் மூன்று வருஷமாக மழுப்பிக்கொண்டு இருந்தான்.

"இந்த வருஷம் போகலடா. ராத்திரி படுத்துக்கிட்டே முடிவு பண்ணிட்டேன். கணவாய்ல ஏறினதும் மொத வேலையா கிழவனுக்குப் போன் போட்டுச் சொல்லணும். நம்பவே மாட்டாரு பாரு."

அவன் வாயில் ஒரு செய்தி, என் வாயில் ஒரு செய்தி. இரண்டு பேரும் மிதித்தோம்.

மதியம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஒண்டி உட்கார்ந்தோம். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவன் தன் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். குளிர் என்று நினைத்தான். பையிலிருந்து ஒரு காய்ந்த தயிர் உருண்டையை எடுத்து வாயில் திணித்தான். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்; வாய் நிறைந்திருக்கும்வரை பேச வேண்டியதில்லை.

ஏரிக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கேடா உன் பனி என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூடாரத்தை அவிழ்க்கப் போனான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேண்டுமென்றே சண்டை இழுத்தேன். பட்டணத்தில் இருந்து இருந்து உனக்குத் தொடை வெண்ணெயாகிவிட்டது, உங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிகூட உன்னைவிட வேகமாக ஏறும் என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அவன் முகம் சிவக்க ஏறி மிதித்தான். கோபம் வந்தவன் வேகமாகப் போவான், எனக்கு வேண்டியதும் அதுதான். பின்னால் அழுதுகொண்டே மிதித்தேன்.

கணவாயில் நிஜமாகவே பனி கொட்டியது. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். கோபமெல்லாம் போயிருந்தது. நீ சொன்னது சரிதான்டா என்று முதுகில் தட்டிவிட்டுக் கையை நீட்டினான்.

"போனக் குடு."

அடிவாரத்திலேயே நான் அதை அணைத்து உள்சட்டையில் போட்டிருந்தேன்.

"சார்ஜ் இல்லடா," என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

 அவன் இரண்டு கையையும் வாயில் குவித்து, எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினான்.

"அப்பா, நான் வீட்லயே இருக்கப்போறேன்!"

கிழவனுக்குப் பாம்புக் காது, கேட்டிருக்கும் என்று சிரித்தான்.

இறக்கத்தில் பனி மழையானது. சாயங்காலம் ஊர் தெரிந்தபோது மழையும் விட்டு, மஞ்சள் வெயில் அடித்தது. எல்லையில் அசன் சித்தப்பாவும் மூன்று பெரியவர்களும் நின்றார்கள். அவர்கள் வாயைத் திறக்க அவசியம் இல்லாமல் போயிற்று. அவர்களுக்குப் பின்னால், தாலாய் வீட்டு முற்றத்தில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தது. செப்டம்பரில் யாரும் சும்மா முற்றத்தில் கூடாரம் போட மாட்டார்கள். அதற்குள்தான் இறந்தவரைக் கிடத்தியிருப்பார்கள்.

தாலாய் ஒரு காலை ஊன்றி நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு பெடலை மிதித்துப் பெரியவர்களைத் தாண்டிப் போனான். தகப்பனை இழந்த மகன் வீட்டை நெருங்கும்போது தூரத்திலிருந்தே வாய்விட்டுக் கதறிக்கொண்டு வரவேண்டும், அது எங்கள் முறை. எல்லோரும் குதிரையில் வருவார்கள். இவன் சைக்கிளில் போனான். கணவாயில் கத்திய அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் கதறினான்.

"அப்பா, நான் வீட்லயே இருக்கப்போறேன்!"

கூடாரத்துக்கு வெளியே, துக்கம் காக்கும் ஆண்களின் முறைப்படி, அவன் இடுப்பில் துணியைக் கட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து நிறுத்தினார்கள். அதில் சாய்ந்து அழுதான். நானும் ஒரு கோலோடு பக்கத்தில் போய் நின்றேன். அழுகை ஓய்ந்த ஒரு நேரத்தில், என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"போன்ல சார்ஜ் இருந்துச்சாடா?"

"இருந்துச்சு."

தலையை ஆட்டினான். மறுபடி கோலில் சாய்ந்துகொண்டான்.

பிஷ்கெக் பக்கம் அவன் அப்புறம் போகவே இல்லை. மந்தையைப் பார்த்துக்கொள்கிறான். என்னைப் பார்த்தால் ஜோமார்ட் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறான். ஓட்டைவாய் என்று அவன் ஒரு தடவை கூப்பிட மாட்டானா என்று இருக்கிறது.