கத்திரியின் இடது காது

1

இந்தக் கதை எனக்கு ஒரு கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. என் மடியில் தடுப்பூசிக்காகக் கொண்டுவந்த என் பூனை. எதிர்ப்புற பெஞ்சில் ஒரு பெண், அவள் காலடியில் காலிக் கம்பிக்கூண்டு. உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த மருத்துவர் அவளிடம், "அக்கா, இவளுக்கு ஆபரேஷனே நடக்கலையே" என்றார். அந்தப் பெண், யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டவள்போல எழுந்து உள்ளே போனாள்.

நான் கண்டது அவ்வளவே. மற்றதெல்லாம் புனைவு. பிறர் எழுதிய கதைகளைப் பிரித்துப்போட்டே பழகிய கைக்கு, ஒன்றைச் சேர்த்துத் தைப்பது எளிதாக வரவில்லை. தையல் தெரிகிற இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் கிளைச்சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்கள் விரிந்துகிடக்க, ஓர் எடைமேடை தன்னந்தனியே"

(வேண்டாம். நிலக்காட்சியைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டுத் தொடங்கும் கதைகளை நானே ஒரு கட்டுரையில் கடிந்து எழுதியிருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "கைவிடப்பட்ட பூனை என்பது நவீன மனிதனின்"

(இந்த வாக்கியத்தை யாரும் முடிக்க வேண்டாம்.)

மூன்றாவது:

லாரி ஓட்டுநர்கள் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எடைமேடையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். வண்டி மேடையில் ஏறும்போது அறையே ஒருமுறை குலுங்கும். மேசைமேல் உள்ள தண்ணீர்ப் பாட்டில் நடுங்கி அடங்கும். சிவப்பு எண்கள் மேலும் கீழும் ஓடி ஒரு முடிவுக்கு வரும். சன்னல் ஓட்டையில் ஒரு கை நீளும். ரசீதை அந்தக் கையில் வைப்பாள். பல ஓட்டுநர்களை அவளுக்குக் கையாலேயே தெரியும்.

(எடைபோடுகிறவளைப் பற்றிய கதை என்பதால் நீதி, நியாயம் என்று வாசகர் ஓடிவிட வேண்டாம். அவளுக்கு அந்த வேலைதான் கிடைத்தது.)

பூனைகள் அங்கே வந்தது இப்படி. ஊருக்குள் வீடு மாற்றுகிறவர்கள், குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தவர்கள், அலுத்துப்போனவர்கள் என எல்லாரும் அட்டைப்பெட்டியோடு காரில் வருவார்கள். காடுகழனி பக்கம் விட்டால் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. எடைமேடையில் விளக்கு எரிவதால் அங்கே நிறுத்துவார்கள். இறக்கிவிட்டு, மனம் லேசாகிப் போய்விடுவார்கள். இறக்கப்பட்ட பூனை எலியைத் தேடிப் போகாது. கார் போன திசையைப் பார்த்துச் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த உட்கார்ந்திருத்தலைத்தான் தராசக்காவால் பார்க்க முடியவில்லை.

முதலில் சோறு வைத்தாள். சோறு வைத்தால் பூனை பெருகும் என்பது ஒரு கோடையிலேயே விளங்கியது. பிறகு அந்த மருத்துவரைக் கண்டுபிடித்தாள். முறை இதுதான்: டப்பா மீனை வைத்துக் கூண்டில் பிடிப்பது, பூனை அடங்குவதற்காக மேலே துணியைப் போர்த்தி இருட்டாக்குவது, கருத்தடை செய்வது, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைச் சிறிது வெட்டுவது, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. வெட்டிய காதுதான் அடையாளம். அது கண்ணில் பட்டால் உடனே கூண்டைத் திறந்துவிட வேண்டும். வேலை முடிந்த பூனையை மறுபடியும் அலைக்கழிப்பது பாவம்.

இந்த விதியை அவள் மீறியதே இல்லை. கதை அதனால்தான் நிகழ்கிறது.

3

கத்திரி என்பது ஒரு சாம்பல் நிறப் பூனை. புசுபுசுவென்று முடி. ஒருநாள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தபோதே அதன் இடது காதில் நுனி இல்லை. வேறெங்கோ வேறு யாரோ தன்னைப்போல ஒருத்தி இதைப் பிடித்து, வேலை முடித்து விட்டிருக்கிறாள் என்று நினைத்துத் தராசக்கா அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தாள். பெயரும் அந்தக் காதை வைத்தே சூட்டியதுதான்.

மற்ற பூனைகளைப் பிடிக்கக் கூண்டு வைக்கும்போதெல்லாம் கத்திரி முதலில் நுழையும். மீனைத் தின்னும். தராசக்கா துணியை விலக்கிக் காதைப் பார்த்துச் சிரிப்பாள். "நீ போடி ராஜாத்தி, உனக்குத்தான் வேலை முடிஞ்சுதே." கதவு திறக்கும். கத்திரி மீசையை நக்கியபடி வெளியேறும்.

(இதைப் படிக்கும்போதே உங்களுக்கு விளங்கியிருக்கும். மர்மம் காக்கும் நோக்கம் எனக்கில்லை. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்பதோடு சற்று நேரம் இருந்து பார்க்கலாம்.)

குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. கண் திறக்காத குட்டிகளாக இருந்தால், அங்கேயே பிறந்தவை என்று புரிந்திருக்கும். இவை நடக்கத் தெரிந்த குட்டிகள். திடீரென்று ஒருநாள் மேடைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் தென்படும். கண்ணில் படும் பெண்பூனை எல்லாவற்றுக்கும் காது வெட்டியிருக்கிறது. அப்படியென்றால் யாரோ கொண்டுவந்து விடுகிறார்கள். யார்?

4

தராசக்காவின் தங்கை கணவர் கோழித்தீவன வண்டி ஓட்டுகிறவர். வாரந்தோறும் எடைமேடைக்கு வருவார்.

"அவர் ஈவிரக்கமற்ற மனிதர், விலங்குகளைக் கண்டாலே"

(அடித்துவிட்டேன். அப்படி ஒருவரைப் படைத்தால் என் வேலை சுலபமாகும்; அவளுடைய பிழை பிழையாகவே இராது.)

மாறாக, அவர் வேடிக்கைப் பேச்சுக்காரர். ஒருமுறை சன்னலோரம் நின்று, "எங்க கோடவுன்ல ஒரு செவலைப் பூனை குட்டி போட்டிருக்கு அக்கா. பார்சல் அனுப்பி வைக்கவா?" என்று கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு மறந்துபோயிற்று, பேச்சு மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. அடுத்த முறை பள்ளத்தில் குட்டிகள் தென்பட்டபோது, அவர் வண்டி வந்துபோய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் மேடையில் அவர் வண்டி. பின்னால் வரிசையாக லாரிகள்.

"என்ன அக்கா, உங்க பட்டாளம் பெருகிட்டே போகுது?"

"பெருகாம என்ன செய்யும்? கொண்டுவந்து கொட்டுற ஆளு சொந்தத்துலயே இருக்கும்போது?"

"யாரைச் சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறதைப் பாரு. வண்டியில தீவனம் மட்டும்தான் வருதா மாப்பிள்ளை, இல்ல வேற உருப்படியும் வருதா? எடை குறையட்டும்னு இங்க இறக்கிட்டுப் போறீங்களோ?"

பின்வரிசையில் ஒருவர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, பூனைக்கும் ரசீது போடச் சொல்லுங்க!" வரிசை முழுவதும் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "அக்கா, இத்தனை பேர் முன்னாடி..." என்று தொடங்கி நிறுத்தினார். ரசீதை வாங்கி இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. சுற்றுவழியில் வேறோர் எடைமேடைக்குப் போவதாக யாரோ சொன்னார்கள். தங்கையை அழைத்தபோது அவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "நீ அந்தப் பூனைங்களோடவே இருந்துக்கோ. அதுங்கதானே உனக்குச் சொந்தம்?"

(தங்கைக்கு முதலில் நீண்ட வசனம் எழுதியிருந்தேன். எங்கே குத்தினால் போதும் என்பது தங்கைகளுக்குத் தெரியும் என்று தோன்றியதால் குறைத்துவிட்டேன்.)

அவர்கள் இருவருக்கும் பெற்றோர் இல்லை. ஞாயிறுதோறும் பேசிக்கொள்வார்கள்; பெரும்பாலும் யாருடைய குழம்பில் உப்பு கூடியது என்பது போன்ற பேச்சு. அந்தப் பேச்சு நின்ற ஞாயிறுகளில் தராசக்கா கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். தவறு தன் பக்கம் என்று அவள் நினைக்கவில்லை. தங்கை வேண்டும், ஆனால் உண்மையை விட்டுக்கொடுத்துப் பெற வேண்டுமா என்பதே அவளுடைய வழக்கு.

5

பிறகு கத்திரி நொண்டிக்கொண்டு வந்தது. முன்காலில் முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது. பிடிப்பதில் சிரமமே இல்லை. கூண்டைத் திறந்து வைத்ததும் பழகிய விருந்தாளியைப்போலத் தானே உள்ளே போயிற்று. மயக்க ஊசி போட்ட மருத்துவர், சோதிப்பதற்காக அடிவயிற்று முடியை விலக்கினார்; தையல் தழும்பே இல்லை. காத்திருப்பு அறையில் நான் கேட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"காது வெட்டியிருக்கே டாக்டர்?"

"நான் வெட்டினா கோடு போட்ட மாதிரி இருக்கும். இதைப் பாருங்க, பிசிறு பிசிறா இருக்கு. சண்டையில கிழிஞ்சது இது. பால் குடுத்த தடம் வேற தெரியுது. ரெண்டு மூணு ஈத்தாவது போட்டிருப்பா."

வயல்களுக்கு அப்பால் எங்கோ ஈன்று, நடக்கத் தெரிந்த பின் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து, சோறு கிடைக்கும் இடத்தில் சேர்த்திருக்கிறது. நல்ல தாய் செய்கிற காரியம்.

"நான்தான் டாக்டர் ஒவ்வொரு தடவையும் திறந்து விட்டேன்."

"நல்லா ஏமாத்தியிருக்கா உங்களை."

"அவ எங்க ஏமாத்தினா? மீன் இருந்துது, தின்னா. நான்தான் காதைப் பார்த்துட்டு பூனையைப் பார்க்காம விட்டேன்."

(இந்த இடத்தில், ஒரு குறிக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உள்ள உறவு தற்செயலானது என்று மூன்று பக்கங்கள் எழுதினேன். அவற்றை எழுதியபோது மிகவும் நிறைவாக உணர்ந்தேன்; ஆகவே நீக்கிவிட்டேன். அந்த நேரத்தில் அவள் குறிகளைப் பற்றி நினைக்கவில்லை. ரசீதை நான்காக மடித்த ஒரு கையை நினைத்துக்கொண்டிருந்தாள்.)

அன்றே கருத்தடை நடந்தது. கிழிந்த காதை மருத்துவர் நேராக வெட்டிவிட்டார். மறுநாள் காலை கத்திரியை வாங்கிக்கொண்டு, எடைமேடைக்குப் போகும் பேருந்தில் ஏறாமல், தங்கை வீட்டுப் பேருந்தில் ஏறினாள்.

6

பேருந்தில், கூண்டை மடியில் வைத்தபடி, அவள் குட்டிகளை மனத்துக்குள் நிறுத்திப் பார்த்தாள். சாம்பல் குட்டிகள், சாம்பலும் வெள்ளையும் கலந்தவை, எல்லாம் கத்திரியின் சாயல். ஒன்றைத் தவிர. கூட்டத்தில், செம்பழுப்பு நிறத்தில், ஒரு செவலைக் குட்டி இருந்தது. மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியது. முதன்முதலில் தூக்கியபோது அதன் கழுத்தில் நூல் கட்டியிருந்த தடம் தெரிந்தது. காட்டில் ஈன்ற பூனை குட்டிக்கு நூல் கட்டாது.

அதை யாரோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். யாராகவும் இருக்கலாம், அந்தச் சாலையில் எத்தனையோ கார்கள். கோடவுன் செவலையின் குட்டியாகவும் இருக்கலாம்.

(இந்தக் குட்டியை முதல் வரைவில் நான் சேர்க்கவில்லை. சேர்க்காதபோது கதை ஒழுங்காக முடிந்தது: அவள் மன்னிப்புக் கேட்டாள், அவர் சிரித்தார், தங்கை சோறு போட்டாள். அத்தனை ஒழுங்கு எனக்கு ஐயத்தைத் தந்தது. முழுக்கக் குற்றமற்ற ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதில் என்ன இருக்கிறது?)

7

கதவைத் திறந்த தங்கை, அக்காவைப் பார்க்குமுன் கூண்டைப் பார்த்தாள்.

"வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டியா? அதுக்கும் சேர்த்து உலை வைக்கணுமா?"

"அது ஒண்ணும் சாப்பிடாது. நேத்துதான் ஆபரேஷன் ஆச்சு. மாப்பிள்ளை இருக்காரா?"

அவர் உள்ளிருந்து வந்தார். கூண்டைப் பார்த்தார். "என்ன அக்கா, எங்க வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தராசக்கா அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்தாள். அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. துணியை விலக்கிக் காதைக் காட்டினாள். வேலை முடிந்த பூனை என்று தான் நம்பியதை, கூண்டைத் திறந்து திறந்து விட்டதை, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, "உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்பிள்ளை. இவ போட்ட குட்டிங்கதான் அதுங்க" என்றாள்.

அவர் குனிந்து கத்திரியைப் பார்த்தார். சாம்பல் முடியைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே கேட்டார்:

"எல்லாத்தையுமா இவ போட்டா?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் "ஆமா, எல்லாத்தையும்தான்" என்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். இருவருக்கும் அது பொய் என்று தெரிகிறது, வீட்டில் அமைதி திரும்புகிறது. இன்னொன்றில், "ஒண்ணைத் தவிர" என்கிறாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார். மூன்றாவதில், அவர் வெறும் ஆச்சரியத்தில் கேட்ட கேள்வி அது. அவருக்கு எதுவுமே தெரியாது; அவளுடைய தயக்கம் இரண்டாவது முறையாக அவரைக் குற்றவாளியாக்குகிறது. மூன்றும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. எதை எழுதினாலும் மற்ற இரண்டும் எனக்குள் நின்று முறைக்கின்றன.

ஆகவே கேள்வி அங்கேயே நிற்கிறது. அவர் குனிந்திருக்கிறார். தங்கை நிலைப்படியில் சாய்ந்து அக்காவின் வாயைப் பார்க்கிறாள். நான் கதையிலிருந்து இறங்கிக்கொள்கிறேன். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள். சற்றுச் சீக்கிரம்: கத்திரிக்கு அசதி முழுதும் தெளிந்துவிட்டது, கூண்டைச் சுரண்டத் தொடங்கியிருக்கிறது.